நாலந்த வளைவில் நின்றவர்

சார்ஜன்ட் இந்திரகுமார் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏழு வருஷமாக என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். எங்காவது பஸ் ஸ்டாண்டில் அகப்படாமலா போவார், அகப்பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அத்தனையும் வீணாகிப் போனது.

என் புருஷன் மர்சூக் முற்றத்தில் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்க, நம்ம சார்ஜன்ட் மௌத்தாப் போய்ட்டாராம்" என்று சத்தம் போட்டேன். அவர் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் தன் பாட்டுக்கு ஓட, லொறியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவருக்கிட்ட ஒண்டு சொல்ல இருந்திச்சி. இனி யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?" என்றார்.

என்ன விஷயம் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்காமல் விடுகிற ஆளா நான்? அவர் எழுந்துபோய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, "வா, மையத்தப் பாத்துட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த சார்ஜன்ட் யார் என்று சொல்லாமல் என் கோபத்தை மட்டும் கொட்டினால் அது நியாயமில்லை. சொல்கிறேன்.

எங்கள் கடை மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற பெரிய ரோட்டில், நாலந்தவுக்குக் கிட்ட இருக்கிறது. கடையைத் தாண்டியதும் ஒரு வளைவு. வடக்கே இருந்து வருகிற பஸ்களும் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற லொறிகளும் நேர் ரோட்டில் பறந்து வந்து அந்த வளைவில்தான் குடைசாயும். நான் இங்கே கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வளைவில் விழுந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தே என் கை காய்த்துப் போயிருந்தது. சில பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை.

இந்திரகுமார் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். அப்பா தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டினவர். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து ஒருவன் பொலிஸில் சேர்வது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. சேர்ந்ததும், தமிழ் தெரிந்தவர் என்பதற்காக அவரைக் கொண்டுபோய் இதே பெரிய ரோட்டில் ஒரு தடை முகாமில் நிறுத்தினார்கள். யுத்த காலம். பஸ் வந்தால் மறிக்க வேண்டும், எல்லாரையும் இறக்க வேண்டும், பையை ஒரு கையிலும் அடையாள அட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சனங்கள் வரிசையாக நடந்து போவார்கள். தமிழ்ப் பெயர் என்றால் கேள்வி கூடும். அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்பதுதான் அவருக்கு வேலை.

"ஒரு நாளு எங்கம்மாவே பஸ்ஸில இருந்து எறங்குனாங்க அக்கா" என்று என் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு தரம் சொன்னார். "என் மூஞ்சிய நிமிந்தே பாக்கல. கார்ட மட்டும் நீட்டுனாங்க. கை வெடவெடன்னு நடுங்குது. அம்மா, நான்தான்னேன். அதுக்கும் நிமிரல. சரிங்க ஐயா, சரிங்க ஐயான்னுகிட்டே போயிட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் இன்னொரு பிளேன்டீ ஊற்றி வைத்தேன்.

யுத்தம் முடிந்து, தடை முகாம்களைக் கழற்றினார்கள். கம்பியும் மணல் மூட்டையும் போன இடத்தில் ட்ராபிக் பொலிஸ் வந்தது. இந்திரகுமாருக்குப் பெரிய மோட்டார் சைக்கிள் கொடுத்து, பலாபத்வலயிலிருந்து நாவுல வரைக்கும் ரோந்து என்றார்கள். ரோடும் அதேதான், மறிக்கிற கையும் அதேதான். வேகம் அளக்கிற துப்பாக்கியும், குடித்தவனை ஊதச் சொல்கிற பலூனும் வந்தன. "இனிமே எங்கிட்ட யாரும் கை நடுங்கிக்கிட்டு வரக்கூடாதுக்கா" என்று சொல்வார். பொலிஸ்காரன் பேசுகிற பேச்சா அது என்று நான் கேலி பண்ணுவேன்.

மற்றவர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பாய்ந்து பிடிப்பார்கள். இவர் ஒளியவே மாட்டார். வளைவுக்கு மேலே, தூரத்திலிருந்தே தெரிகிற இடத்தில், வெள்ளைக் கையுறையோடு நட்ட நடுவில் நிற்பார். எங்கள் ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. பொலிஸைக் கடந்து வருகிற வாகனக்காரன், எதிரே வருகிறவனுக்கு முன் லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவான். முன்னால் பொலிஸ் நிற்குது, பார்த்துப் போ என்று அர்த்தம். முன்பின் தெரியாதவனுக்கும் அடிப்பான். அதை அடிக்காதவனை இந்த ரோட்டில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். லைட்டைப் பார்த்தவன் ஒரு கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டு வேகத்தைக் குறைப்பான்.

மற்ற பொலிஸ்காரர்களுக்கு இது பிடிக்காது. இந்திரகுமாருக்கு இதுதான் வேண்டும். "லைட் அடிக்கிறவன் பூரா எனக்குச் சம்பளமில்லாத பொலிஸ்காரன்" என்பார். "நான் ஒருத்தன் இங்க நின்னா, ரெண்டு பக்கமும் ஒரு மைலுக்கு எல்லாரும் மெதுவாப் போறான். அவனப் புடிச்சி எனக்கு என்ன ஆகப் போகுது? வளைவத் தாண்டுனாப் போதும்." மேலிடத்தில் கேஸ் குறைவு என்று ஏசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் நின்ற காலத்தில் அந்த வளைவில் நான் யாருக்கும் தண்ணீர் கொண்டு ஓடவில்லை. இதை நான் எந்தப் பள்ளிவாசலில் வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அந்தச் சம்பளமில்லாத பொலிஸ்காரர்களில் முதல் ஆள் என் புருஷன். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிற லொறி. முகப்பில் மாஷா அல்லாஹ் என்று பெரிதாக எழுதிய நீல லொறியை இந்த ரோட்டில் தெரியாத ஆள் கிடையாது. சைக்கிள்காரனுக்குக்கூட லைட் அடிப்பார். கடைக்கு வந்து உட்கார்ந்ததும், "சார்ஜன்ட், வார வழியில ஒரு பத்துப் பேரயாவது உங்களுக்காக மெதுவாக்கிட்டு வந்தேன். எனக்கு எப்ப யூனிபோம் தாறீங்க?" என்பார். "உங்க வயித்துக்குத் தச்ச யூனிபோம் ஸ்டேசன்ல இல்ல நானா" என்பார் அவர். எங்கள் ஆட்களில் அண்ணனை நானா என்பதுதான் வழக்கம். இரண்டு பேரும் ஒரு தட்டு வடையைக் காலி பண்ணுவார்கள். அண்ணன் தம்பி கூட அப்படி இருக்க மாட்டார்கள்.

பிறகு கண்டிப் பக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகளைக் கலவரத்தில் எரித்த வருஷம் வந்தது. ரோட்டில் நடந்த ஒரு சண்டையில் ஆரம்பித்தது என்றார்கள். நாங்கள் கடையை மூடிக்கொண்டு உள்ளே நடுங்கிக் கிடந்தோம். இந்திரகுமார் யாரிடமும் கேட்காமல் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில் நிறுத்திவிட்டு, நிலைமை அடங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றார். அந்த நன்றியை நான் மறந்தவள் இல்லை. அதனால்தான் அவர் பிறகு செய்தது எனக்கு அப்படி வலித்தது.

அதே வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம். பலாபத்வலப் பக்கத்துத் தோட்டத்தில் சுந்தரம்மா என்று ஒரு தாய். புருஷன் இல்லை. ஒரே மகன் சதீஸ்குமார் சீகிரியாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை. லீவு கிடைத்து, பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தான். ஒரு வெள்ளை வேன் அவனை அடித்துத் தூக்கிப் போட்டது.

வேன்காரன் ஓடவில்லை. இறங்கினான். சனம் கூடிவிட்டது. "நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், தள்ளுங்க" என்று சொல்லிப் பையனைத் தூக்கி வேனில் ஏற்றினான். நல்ல மனுஷன் என்று சனம் வழிவிட்டது. கூட ஏறிப் போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் போவார் என்று இவர், இவர் போவார் என்று அவர். வேன் புறப்பட்ட பிறகுதான் பார்த்தார்கள், அது மாத்தளை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் வடக்கே பறக்கிறது.

ஒரு த்ரீவீல்காரர் பின்னால் விரட்டினார். யாரோ பொலிஸுக்குப் போன் அடித்தார்கள். வயர்லஸில் இந்திரகுமாருக்குச் செய்தி வந்தது. வேறு இடம் தேட நேரமில்லை. தான் எப்போதும் நிற்கிற இடத்திலேயே மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு ரோட்டை மறித்தார். வடக்கே போகிற வேன் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேன் வரவில்லை. எதிரே போன எவனோ லைட் அடித்துவிட்டான் என்று ஊரே சொன்னது. வேன்காரன் விஷயம் தெரிந்து, வளைவுக்கு முன்னாலேயே ஏதோ ஒரு மண் பாதையில் இறங்கிவிட்டான். அந்தப் பக்கம் முழுக்கத் தோட்டப் பாதைகள். இந்திரகுமார் டோர்ச் லைட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையாக ஓடினார். காலையில் கொக்கோக் காய் பறிக்கப் போனவர்கள்தான் சதீஸ்குமாரைக் கண்டார்கள். மூச்சு இல்லை. வேன் போன இடம் இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்றைக்கு நான் கடை வாசலில் நின்று லைட் அடித்தவனுக்குச் சாபம் விட்டேன். சாதாரணச் சாபமா? அவன் கை அழுகிப் போகணும், அவன் கண் அவிந்து போகணும், அவன் பெண்டாட்டி தெருவில் நிற்கணும் என்று ஊரே கேட்க ஏசினேன். மர்சூக் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். பாவம், இளகின மனசு, பையனை நினைத்துச் சாப்பிட முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை வைத்தார்கள். லைட் அடித்தது யார் என்று இந்திரகுமாரைக் கேட்டார்களாம். தெரியாது என்றார். "இந்தப் பழக்கத்த வளர விட்டது நான்தான். எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்தில மறிச்சதும் என் பெழதான்" என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு போனது. லக்கலப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே ட்ராபிக் சார்ஜன்டுக்கு என்ன வேலை? பஸ்ஸே எப்போதாவது ஒன்று. வயலுக்கு இறங்குகிற யானையைத்தான் கை காட்டி மறிக்க வேண்டும்.

போகிறபோது சொல்லிவிட்டுப் போகவில்லை. லீவில் போகிற வருகிற பஸ் என் கடை வாசலால்தான் போகும். ஜன்னலோரம் இருப்பார். நான் கை காட்டுவேன். அவர் மறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு தரம் இரண்டு தரமல்ல. பென்ஷன் எடுத்து வீட்டோடு இருந்த காலத்திலும் வரவில்லை.  வாசலில் காவல் நின்ற மனுஷனுக்கு நாங்கள் அப்படி என்ன குறை வைத்தோம்? "அவர விடு, வேல டென்ஷன்" என்று மர்சூக் ஒவ்வொரு தரமும் பேச்சை மாற்றுவார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. மிச்சத்தை நான் அன்றைக்கு மையத்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் தெரிந்துகொண்டேன்.

வெறும் லொறியில் போய்க்கொண்டிருந்தோம். வளைவைத் தாண்டி இறங்கியதும் மர்சூக் லொறியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஜுனைதா, அண்டைக்கு லைட் அடிச்சது நான்தான்."

எனக்கு விளங்கவில்லை. எந்த லைட் என்று கேட்டேன்.

"அந்த வேனுக்கு. தம்புள்ளையால வந்தேன். சார்ஜன்ட் நிண்டார். என்னப் போகச் சொல்லிக் கையக் காட்டினார். நான் சும்மா செக்கிங்னு நெனச்சேன். இந்த எடத்தில வேன் எதிர வந்திச்சி. எப்பவும் அடிக்கிற மாதிரித்தான் அடிச்சேன், அல்லா அறிய ஒண்டும் தெரியாம. வேன் ஸ்லோ பண்ணி எனக்குப் பக்கத்தால போச்சி. போறப்ப அவன் கையத் தூக்கி எனக்கு நன்றி சொன்னான் ஜுனைதா. நானும் பதிலுக்குக் கையத் தூக்கினேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஏழு வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு இதை மறைத்தீர்களா என்று அவர் தோளில் அடித்தேன். அடித்த கை பாதியில் நின்றது. அழுகிப் போகணும் என்று நான் ஏசியது இந்தக் கையைத்தான் என்று நினைவு வந்துவிட்டது.

"நீ ஏசினது சரிதான்" என்றார் மர்சூக். "எனக்கு அப்ப சரியாத்தான் பட்டிச்சி."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்த நாளுக்குப் பிறகு அவர் யாருக்கும் லைட் அடித்ததில்லை. எதிரே வருகிறவர்கள் அடித்தாலும் கையைத் தூக்குவதில்லை. வயசாகிவிட்டது, சிரிப்புக் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். சுந்தரம்மாவின் லயத்து வாசலில் வாரம் தவறாமல் லொறியை நிறுத்தி, கத்தரிக்காயோ போஞ்சியோ கிழங்கோ இறக்கிக் கொடுத்துவிட்டு வருவார். என் புருஷனுக்கு எவ்வளவு இரக்கம் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். என் வாயைக் கல்லால் அடிக்க வேண்டும்.

"சார்ஜன்டுக்கிட்ட உண்மையச் சொல்லி, மாப்புக் கேக்க இருந்தேன். அவருக்கு என்னாலதானே உத்தியோகம் கெட்டிச்சி. அவரு இருந்த லக்கலப் பல்லேகம வரைக்கும் போனேன், ரெண்டு தரம். ஸ்டேசன் வாசலக் கண்டதும் கால் வரல்ல. திரும்பி வந்துட்டேன்."

லொறியை எடுங்கள் என்று மட்டும் சொன்னேன். 

ரத்தோட்டையில் அவர் வீடு, பழைய லயத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கட்டின சின்ன வீடு. முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். பொலிஸ்காரர்கள் நாலைந்து பேர், தோட்டத்துச் சனம், பறை அடிக்கிறவர்கள் ஒரு ஓரமாகக் குந்தியிருந்தார்கள். இந்திரகுமாரை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். யூனிபோம் போடவில்லை, வெள்ளை வேட்டி சட்டைதான். மெலிந்து பாதியாகிப் போயிருந்தார். நான் கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் அந்த முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை.

அவருடைய மகள் கிருஷாந்தினி எங்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. எங்களை உள்ளே வைத்துப் பேசாமல் பின்பக்கம் அடுப்பெரிகிற குசினி வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"மாமா, நீங்க வருவீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

மர்சூக் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "மகள், வாப்பாவுக்கிட்ட நான் ஒண்டு சொல்லாம உட்டுட்டேன்."

"லைட் விசயந்தானே மாமா? அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேனை விரட்டி வந்த த்ரீவீல்காரர், வேன் கண்ணுக்கு மறைவதற்கு முன்னால் லைட் அடித்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நீல லொறி, மாஷா அல்லாஹ் எழுதினது, அதுதான் லைட் அடித்தது என்று நேரே வந்து சார்ஜன்டிடம் சொல்லியிருக்கிறார். இவர் அந்த மனுஷனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டாராம்.

"அந்த வருஷம் இருந்த நெலம உங்களுக்குத் தெரியுமே" என்றாள் கிருஷாந்தினி. "முஸ்லிம் லொறிக்காரன் காட்டிக் குடுத்து ஒரு பையன் செத்துட்டான்னு பேச்சு கெளம்பினா, ஜுனைதா அக்காட கட ஒரு ராத்திரி தாங்காதுன்னாரு அப்பா. வாசல்ல எப்பவும் என் பைக்க நிப்பாட்டி வைக்க முடியுமான்னு கேட்டாரு. அதான் பழிய அவரே எடுத்துக்கிட்டாரு."

"அப்ப ஏன் மகள் எங்கட பக்கமே வரல்ல?" என்று நான் கேட்டேன். 

"அப்பாவுக்கு மனசில உள்ளது மூஞ்சியில தெரிஞ்சிரும் மாமி. மாமா ஒண்ணும் தெரியாம நிம்மதியா இருக்காரு, என்னப் பாத்தா சந்தேகப்பட்டுருவாருன்னு பயந்தாரு. உங்க கடையத் தாண்டி வார நாளெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்புடவே மாட்டாரு. கை காட்டுறாங்க பாரு அந்த மகராசின்னு சொல்லி அழுதிருக்காரு."

நிம்மதியாக இருக்கிறாராம்! அல்லாஹ்வே, இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவர் தெரியக்கூடாது என்று ஒளிந்தார், ஒருவர் தெரிந்துவிடும் என்று ஒளிந்தார். ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் தீர்ந்து போகிற காரியம். ஏழு வருஷத்தை மண்ணாக்கிவிட்டு, ஒருவர் கிடக்கிறார், ஒருவர் நிற்கிறார். நான் வாய்விட்டு அழுதேன். வாசலில் காவல் நின்றவர் கடைசி வரைக்கும் அங்கேதான் நின்றிருக்கிறார். நானோ அவரை நன்றி கெட்டவர் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். எந்த முகத்தோடு நான் இனி அந்தக் கடையைத் திறப்பேன்?

மர்சூக் அழவில்லை. பந்தலுக்குத் திரும்பி வந்தார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். அங்கே சுந்தரம்மா இருந்தாள். தன் மகனை விடிய விடியத் தேடினவர் என்பதற்காக, உடம்புக்கு முடியாத நிலையிலும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம். செத்த வீடு. நாலு பேர் இருக்கிற எடம். அவ தாங்க மாட்டா" என்றேன். உண்மையில் யார் தாங்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியாது. அந்தப் பந்தலில் யாராவது எழுந்து இவரை அடித்தால் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

"இவருக்குச் சொல்லப் பிந்திட்டு. அவவுக்கும் பிந்தச் சொல்றியா?" என்று என் கையை எடுத்துவிட்டார்.

சுந்தரம்மாவின் முன்னால் போய் நிலத்தில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு வேனுக்கு லைட் அடித்தது தான்தான் என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று கூடச் சொல்லவில்லை. நான்தான் செஞ்சேன் அம்மா, மரக்கறி கொண்டு வந்ததெல்லாம் அதனாலதான் என்றார். பக்கத்திலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பொலிஸ்காரர் எழுந்து இரண்டடி கிட்ட வந்தார்.

சுந்தரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். நான் ஏசினதை விட அவள் ஏசலாம். அவளுக்கு உரிமை இருக்கிறது.

"அப்படின்னா, வேன் உங்களுக்குக் கிட்டவா போச்சி நானா?" என்று கேட்டாள்.

"ஓம். கிட்டத்தான்."

"எம் புள்ளயப் பாத்தீங்களா?"

மர்சூக் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதை அவர் எனக்கும் சொல்லியிருக்கவில்லை. 

"பாத்தீங்களான்னு கேக்குறேன். பயந்துக்காமச் சொல்லுங்க."

"பாத்தேன்" என்றார். "ட்ரைவருக்குப் பின் சீட்டில. கண்ணாடியில தலய வச்சிக்கிட்டு இருந்தாரு. எனக்கு வெளங்கல்ல அம்மா. யாரோ பயணம் போறவங்க தூங்கித் தூங்கிப் போறாங்கன்னு நெனச்சேன்."

"கண்ணு மூடியிருந்துச்சா?"

"இல்ல. தொறந்துதான் இருந்திச்சி. வெளிய பாத்துக்கிட்டு இருந்தாரு."

 சுந்தரம்மாவின் தலையிலிருந்து முக்காடு நழுவியது. அதை எடுத்துப் போடவும் இல்லை.

"அப்ப உக்காந்துகிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். எங்களுக்கல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஏழு வருசமா அவன் வேனுக்குள்ள கீழ கெடந்து உருண்டுகிட்டுப் போனான்னே நெனச்சிக்கிட்டிருந்தேன். கண்ண மூடுனா அதான் வரும். யாருகிட்டக் கேப்பேன்? பாத்தவங்க ஒருத்தருமே இல்லன்னாங்க."

பிறகு மர்சூக்கின் பக்கம் திரும்பினாள். கோபமில்லாமல், சண்டையில்லாமல், வீட்டுக்கு வந்தவரிடம் ஏதோ கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"வாரா வாரம் எங்க வாசலுக்கு வந்தீங்களே நானா. இத ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."